அசுவினியைத் தின்னும் பூச்சிகளில் எதை வாங்குவது, எதை வரவழைப்பது?

பருத்தியோ வெண்டையோ நிலக்கடலையோ, குருத்தில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி அடை அடையாக ஏறியதும் விவசாயிகள் கேட்கும் கேள்வி கொஞ்ச காலமாக மாறியிருக்கிறது. "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதோடு, "பொறிவண்டு வாங்கி விடலாமா? கிரைசோபெர்லா முட்டை நல்லதா? குளவி ஏதோ சொல்கிறார்களே, அது கிடைக்குமா?" என்றும் கேட்கிறார்கள். இந்த மாற்றம் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் மருந்துக்கடையில் டப்பா வாங்குகிற மாதிரியே பூச்சியையும் வாங்கிவிடலாம் என்று நினைப்பதில்தான் பணம் வீணாகிறது.

அசுவினிக்கு முக்கியமான பூச்சி எதிரிகள் நான்கு வகை: பொறிவண்டு, கிரைசோபெர்லா (பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி), சிர்பிட் ஈ (பூவின்மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் ஈ), ஒட்டுண்ணிக் குளவி (அசுவினியின் உடலுக்குள் முட்டை வைக்கும் சின்னக் குளவி). நம் ஊர்த் திறந்தவெளி வயலுக்குக் காசு கொடுத்து வாங்கி விடத் தகுந்தது இவற்றில் கிரைசோபெர்லா ஒன்றுதான். அதுவும் சில நேரங்களில் மட்டும். மற்ற மூன்றையும் வரவழைக்க வேண்டும், வந்ததைச் சாகடிக்காமல் இருக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

சேதம் எதனால் என்பது முதல் கேள்வி. அசுவினி சாறு உறிஞ்சுவதால் வரும் சேதம் ஒன்று, அது பரப்பும் வைரஸால் வரும் சேதம் இன்னொன்று. பப்பாளியில் வளையப்புள்ளி வைரஸைப் பரப்பும் இறக்கை அசுவினி, இலையில் உட்கார்ந்து ஊசிபோன்ற வாயால் குத்திப் பார்க்கும் சில நொடிகளிலேயே நோயைக் கொடுத்துவிடும். எந்தப் பொறிவண்டும் அதற்குள் வந்து சேராது. வாழையில் முடிக்கொத்து நோயைப் பரப்பும் கருப்பு அசுவினிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனால் அங்கும் நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு அழிப்பதும், நோயில்லாத கன்றை நடுவதும்தான் மருந்து. இப்படிப்பட்ட பயிர்களில் இயற்கை எதிரிகளை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. கீழே சொல்லப்போவதெல்லாம் சாறு உறிஞ்சும் சேதத்துக்குத்தான்.

வேகம். நம் வெப்பத்தில் பெண் அசுவினிக்கு ஆண் துணையே வேண்டாம். முட்டையும் இடாது, நேரே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். எதிரிப் பூச்சிகளுக்கோ ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே எதிரி எவ்வளவு தின்கிறது என்பதைவிட எப்போது வந்து சேர்கிறது என்பது முக்கியம்.

தங்குமா? விட்ட இடத்திலேயே இருக்குமா, அடுத்த வயலுக்குப் பறந்துவிடுமா?

கிடைக்குமா? புத்தகத்தில் இருப்பதெல்லாம் விற்பனைக்கு இல்லை.

மறைந்திருக்கும் செலவு. பூச்சியின் விலை சின்ன விஷயம். வெயிலில் வந்து சேரும் வழியில் சாவது, எறும்பு தின்பது, விடும் நாளுக்கு முன்னும் பின்னும் மருந்து அடிக்க முடியாமல் போவது, இலையைத் திருப்பிப் பார்க்க ஆகும் ஆள்நேரம், வரப்புப் பயிருக்கு விடும் இடம், இவையெல்லாம் கணக்கில் வர வேண்டும்.

ஒரே பார்வையில்:

| | பொறிவண்டு | கிரைசோபெர்லா | சிர்பிட் ஈ | ஒட்டுண்ணிக் குளவி |
|---|---|---|---|---|
| அசுவினியைத் தின்பது | புழுவும் வண்டும் | புழு மட்டும் | புழு மட்டும் | உள்ளிருந்து தின்னும் புழு |
| நன்றாக வேலை செய்வது | கூட்டம் பெருகிய பின் | ஆரம்பத்தில், விட்ட செடியில் | சின்னக் கூட்டத்திலும் | கூட்டம் குறைவாக இருக்கும்போதே |
| வாங்கக் கிடைப்பது | அசுவினிக்கான வகை அரிது | கிடைக்கும் | அரிது | அரிது |
| தங்குவது | வண்டு பறந்துவிடும் | புழு தங்கும் | புழு தங்கும் | இரை இருக்கும்வரை |
| கூடவே தேவைப்படுவது | இரை, மகரந்தம் | எறும்பில்லாத செடி | பூ கட்டாயம் | தேன், மருந்தில்லா வயல் |

## பொறிவண்டு

எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். நம் வயல்களில் அதிகம் கண்ணில் படுவது ஆரஞ்சு முதுகில் கருப்புக் கோடு நெளிந்து ஓடும் சின்ன வகை, செய்லோமினஸ் செக்ஸ்மாகுலேட்டா. அடுத்தது காக்சினெல்லா டிரான்ஸ்வெர்சாலிஸ். வண்டும் தின்னும், புழுவும் தின்னும். நன்றாக வளர்ந்த புழு ஒரு நாளைக்குப் பல பத்து அசுவினிகளை முடித்துவிடும்.

இதன் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தாய் வண்டு தன் புழுக்களுக்குப் போதுமான சாப்பாடு இருக்கும் இடத்தில்தான் முட்டை வைக்கும். நாலைந்து அசுவினி இருக்கும் செடியை அது மதிக்காது. கூட்டம் திரண்ட பிறகுதான் வரும். அதனால் பொறிவண்டு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் மருந்து அடிப்பவர், பெரும்பாலும் முட்டை பொரிந்து புழு வேலையைத் தொடங்கிய வாரத்தில்தான் அடிக்கிறார். அசுவினி மறுபடி ஒரு வாரத்தில் கிளம்பிவிடும். பொறிவண்டு திரும்பிவர ஒரு மாதம்கூட ஆகலாம்.

சரி, வாங்கி விட்டால் என்ன? இங்கேதான் கவனம் தேவை. நம் ஆய்வகங்களில் "பொறிவண்டு" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது கிரிப்டோலீமஸ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வண்டு. 1898-இல் காபித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சிக்கு அது அருமையான வண்டு. திராட்சை, கொய்யா, காபி வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அசுவினிக்கென்று வாங்கினால் ஏமாற்றம்தான். வாங்கும் முன் "இது மாவுப்பூச்சிக்கா, அசுவினிக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அசுவினி தின்னும் சரியான வகையே கிடைத்தாலும், வளர்ந்த வண்டைத் திறந்த வயலில் விட்டால் நிற்காது. அமெரிக்காவில் கலிபோர்னியா மலைகளில் குளிர்காலத்தில் குவிந்து தூங்கும் வண்டுகளை அள்ளி விற்கும் வியாபாரம் பல காலமாக நடக்கிறது. விட்ட சில நாளில் பெரும்பகுதி பறந்துபோய்விடுவதை அங்கே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பொறிவண்டின் புழு கருப்பாக, நீண்ட உடலில் மஞ்சள் புள்ளிகளோடு இருக்கும். வண்டோடு அதற்கு எந்தச் சாயலும் இல்லை. புதுப் பூச்சி வந்துவிட்டது என்று அதற்கே மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டும் அதே குடும்பம்தான். அதன் முதுகு பளபளக்காது. மெல்லிய ரோமத்தால் மங்கலாக இருக்கும். புழு மஞ்சள் நிறத்தில், உடலெல்லாம் கிளைத்த முள்ளோடு இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பொறிவண்டு வாங்குவதைவிட இது பல மடங்கு லாபம்.

பொறிவண்டை நம்பலாம்: பருத்தி, தட்டைப்பயறு, சோளம், மக்காச்சோளம் போன்ற திறந்தவெளிப் பயிரில், செடி வளர்ந்து கொஞ்சம் சேதத்தைத் தாங்கும் பருவத்தில், முட்டையோ புழுவோ ஏற்கெனவே கண்ணில் படும்போது.

நம்பக்கூடாது: நாற்றுப் பருவத்தில். பருத்திக் காய் வெடிக்கும் சமயத்தில். அப்போது அசுவினி கழிக்கும் இனிப்பான பிசுபிசுப்பு, அதாவது தேன்கழிவு, பஞ்சில் ஒட்டித் தரத்தையே கெடுத்துவிடும், காத்திருக்க நேரம் கிடையாது.

## கிரைசோபெர்லா

பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று சொல்வது இதைத்தான். இந்தியாவில் வளர்க்கப்படுவது கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி சில்லெமி. பழைய கையேடுகளில் கார்னியா என்ற பெயரில் இருக்கும், இரண்டும் வேறு வேறு என்று பயப்பட வேண்டாம். வளர்ந்த பூச்சி தேனும் மகரந்தமும்தான் சாப்பிடும். வேட்டையாடுவது புழு மட்டுமே. கொம்புபோல வளைந்த தாடையால் அசுவினியைக் கவ்வித் தூக்கி, சாற்றை உறிஞ்சி, தோலைப் போட்டுவிடும். எட்டுப் பத்து நாள் புழுப்பருவத்தில் சில நூறு அசுவினி அதற்கு இரை.

இதை மட்டும் ஏன் வாங்கலாம் என்கிறேன்? புழுவுக்கு இறக்கை கிடையாது. விட்ட செடியிலும் பக்கத்துச் செடியிலும்தான் அது திரிய முடியும். அசுவினி இல்லாவிட்டால் வெள்ளை ஈக் குஞ்சு, இலைப்பேன், அந்துப்பூச்சி முட்டை என்று கிடைத்ததைத் தின்று உயிர் பிழைக்கும். அசுவினி கொஞ்சமாக இருக்கும்போதே நாம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பொறிவண்டு வருவதற்குமுன் இருக்கும் அந்த இரண்டு மூன்று வார இடைவெளியை நிரப்ப இதைவிடப் பொருத்தமான பூச்சி நம் கையில் இல்லை.

எவ்வளவு விடுவது என்பது பயிருக்குப் பயிர் மாறுகிறது. எக்டருக்குப் பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம்வரை பரிந்துரைகள் இருக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ பயிரையும் வயதையும் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி மறைந்திருக்கும் செலவு. இது நிறைய.

முதலாவது, இந்தப் புழு தன் இனத்தையே தின்னும். ஒரு டப்பாவில் நெருக்கமாக வந்து, இரண்டு நாள் வீட்டில் கிடந்தால், திறக்கும்போது பாதிதான் இருக்கும். வந்த அன்றே மாலையில், வெயில் தாழ்ந்ததும் உமியோடு சேர்த்துப் பரவலாகத் தூவிவிட வேண்டும்.

இரண்டாவது எறும்பு. அசுவினியின் தேன்கழிவுக்காக எறும்பு காவல் நிற்கும். மேய்க்கிறவர் ஆட்டை ஓநாயிடமிருந்து காப்பதுபோல அசுவினியை எல்லா எதிரிகளிடமிருந்தும் காக்கும். கிரைசோபெர்லா முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எறும்பு சாரை சாரையாக ஏறும் வயலில் முட்டையாக விடாமல் புழுவாகக் கேட்டு வாங்குங்கள். புற்று எங்கே என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, மருந்து அடித்த வயலில் இதை விடுவது பணத்தை மண்ணில் போடுவது. செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் அடித்து வாரக்கணக்கில் அதன் வீச்சு இலையில் இருக்கும். விடுவதற்குமுன் இடைவெளி தேவை, விட்டபின் அடிக்கவே கூடாது. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் ஓரளவு பரவாயில்லை. அதையும் பூச்சி விடும் முன்பே தெளித்து முடித்துவிடுங்கள். சோப்புக் கரைசல் மென்மையானது என்று நினைக்கிறார்கள். மேலே பட்டால் புழுவும் சாகும்.

நான்காவது, அட்டைக் குழப்பம். கரும்பு, நெல்லுக்கு வாங்கும் டிரைக்கோகிரம்மாவும் முட்டை ஒட்டிய அட்டையாகத்தான் வரும். அது அந்துப்பூச்சியின் முட்டைக்குள் வளரும் குளவி. அசுவினியை அது தொடவே தொடாது. இரண்டையும் ஒரே வயலில் ஒரே நாளில் விட்டால் கிரைசோபெர்லாப் புழு அந்த அட்டை முட்டைகளையும் தின்றுவிடும். சில நாள் தள்ளித் தள்ளி விடுங்கள்.

வாங்கலாம்: வெண்டை, மிளகாய், கத்தரி போன்ற காய்கறியில், சின்னப் பரப்பில், அசுவினி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கியிருக்கும்போது. நிழல்வலைக் குடிலில் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

வேண்டாம்: குருத்தெல்லாம் சுருண்டு, இலை பிசுபிசுத்து, கரும்பூசணம் படர்ந்த பிறகு. அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்க்கும் அளவுக்குப் புழு வாங்கக் கட்டுபடியாகாது. பல ஏக்கர் பருத்திக்கும் இதே பதில்தான். வயல் முழுக்க விடாமல், அசுவினி தொடங்கிய ஓரங்களில் மட்டும் விட்டால் ஓரளவு கட்டுபடியாகும்.

## சிர்பிட் ஈ

தேனீபோல மஞ்சள் கருப்புப் பட்டையோடு, பூவின்மேல் அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் ஈ. கொட்டாது. அதன் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. அசுவினிக் கூட்டத்துக்குள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தடவிப் பிடித்துத் தின்னும். இலையோடு ஒட்டிய பச்சை நிறம், பகலில் பதுங்கும் பழக்கம் இரண்டும் சேர்ந்து யார் கண்ணிலும் படாமல் செய்துவிடுகின்றன. இலையில் தார்போலக் கருப்புத் தீற்றல் தெரிந்தால் அது இந்தப் புழுவின் கழிவு. பக்கத்தில் தேடுங்கள், இருக்கும்.

நான்கில் இதற்குத்தான் மதிப்புக் குறைவாகக் கொடுக்கிறோம் என்று நினைக்கிறேன். தாய் ஈ நன்றாகப் பறந்து தேடும். சின்னக் கூட்டத்தின் நடுவிலும் ஒற்றை ஒற்றையாக முட்டை வைத்துவிட்டுப் போகும். அந்த விதத்தில் பொறிவண்டைவிட முந்தி வரும். ஒரு புழு சில நூறு அசுவினி தின்னும்.

வாங்கக் கிடைப்பது அரிது. ஆனால் அழைப்பது எளிது. முட்டை உருவாகத் தாய்க்கு மகரந்தம் வேண்டும், பறக்கத் தேன் வேண்டும். அவ்வளவுதான். வரப்பில் கொத்தமல்லியை அறுக்காமல் பூக்க விடுங்கள். சோம்பு இருந்தால் இன்னும் நல்லது. இந்தச் சிறுபூக்களில் தேன் வெளியே தெரிய இருப்பதால் ஈயின் குட்டை வாய்க்கு எட்டும். செலவு ஒரு கைப்பிடி விதை. பூ வருவதற்கு ஒன்றரை மாதம்போல ஆகும் என்பதால் முக்கியப் பயிரோடு சேர்த்தே விதைக்க வேண்டும். அசுவினி வந்தபிறகு விதைத்துப் பயனில்லை.

## ஒட்டுண்ணிக் குளவி

கொசுவைவிடச் சின்னக் குளவி. அசுவினியின் உடலுக்குள் ஒரு முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளரும். இரண்டு வாரத்தில் அசுவினி உப்பி, பழுப்பு நிறத்தில் காகிதப் பொட்டலம்போலக் காய்ந்து இலையில் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது அபெலினஸ் என்ற குளவி வகை என்றால் கருப்பாக இருக்கும். வட்டமாக ஓட்டை இருந்தால் உள்ளிருந்த குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

கூட்டம் பெருகும் முன்பே தேடிப் பிடிப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் அபிடியஸ் கோல்மானி என்ற குளவியைப் புட்டியில் வாங்கி விடுவது அன்றாட வழக்கம். தானியச் செடியை மட்டும் தாக்கும் அசுவினியோடு பார்லித் தொட்டிகளைக் குடிலுக்குள் வைத்து, குளவிக்குச் சாப்பாடு தீராமலும் பார்த்துக்கொள்கிறார்கள். ஓசூர், நீலகிரிப் பக்கம் குடிலில் குடைமிளகாய், ரோஜா போடுபவர்கள் இதைப் பார்த்து ஆசைப்படுவது நியாயம். ஆனால் உயிருள்ள பூச்சியை வெளிநாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் வரவழைக்க முடியாது. குளவி இனம் அசுவினி இனத்தோடு பொருந்தவும் வேண்டும். பருத்தி அசுவினிக்கு ஏற்ற குளவி, ரோஜாவின் பெரிய அசுவினிக்கு உதவாது.

வயலில் செய்ய வேண்டியது, உப்பிய அசுவினியை எண்ணிப் பார்ப்பது. பத்துக்கு ஒன்றிரண்டு தெரிந்தாலே மருந்தைத் தள்ளிப் போடலாம். ஏனென்றால் குளவி சமீபத்தில் முட்டை வைத்த அசுவினி பார்க்க நல்ல அசுவினி மாதிரியேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதைவிட உண்மையில் மாட்டியிருப்பது அதிகம்.

## வரப்பில் என்ன போடுவது?

வரவழைப்பதென்று முடிவெடுத்தால் பலரும் உடனே தட்டைப்பயறைச் சொல்வார்கள். பருத்திக்கும் வெண்டைக்கும் அது சரி. தட்டைப்பயறில் ஏறும் கருப்பு அசுவினி பயறுவகைகளையே அதிகம் விரும்பும் இனம். பருத்தியில் ஏறுவது வேறு இனம். வரப்பில் கருப்பு அசுவினியைத் தின்று பெருகும் பொறிவண்டு பருத்திக்குள் நகரும். தட்டைப்பயறின் பூவுக்கு வெளியே சுரக்கும் தேன் குளவிக்கும் கிரைசோபெர்லாத் தாய்க்கும் சாப்பாடு.

நிலக்கடலைக்கு இதையே செய்தால் தவறு. நிலக்கடலையைத் தாக்குவதும் அதே கருப்பு அசுவினிதான். வரப்பே அசுவினிப் பண்ணையாகிவிடும். அங்கே மக்காச்சோளமோ சோளமோ இரண்டு வரிசை போடுங்கள். அவற்றின் அசுவினி கடலைக்கு வராது. மக்காச்சோள மகரந்தம் பொறிவண்டுக்கும் உணவாகும். வரப்புப் பயிர் வளர்ந்து பொறிவண்டு நிரம்பியிருக்கும்போது அதன்மேல் மருந்து அடித்துவிடாதீர்கள். ஆளை வைத்துத் தெளிப்பவர்கள் இதைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

## எப்போது எது?

நாற்றிலிருந்து முதல் ஒரு மாதம் பயிர் இளசாக இருக்கும். இந்தக் கட்டத்தில் காய்கறிக்காரர்கள் கிரைசோபெர்லா வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மருந்தில் நேர்த்தி செய்த பருத்தி விதை போட்டவர்களுக்கு இந்தக் காலத்தில் அசுவினித் தொல்லை பெரும்பாலும் இராது, எனவே வாங்க வேண்டாம்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை வயலில் குறுக்காக நடந்து இருபது, முப்பது செடியில் இலையைத் திருப்பிப் பாருங்கள். பொறிவண்டு முட்டை, கருப்புப் புழு, சிர்பிட் புழு, உப்பிய அசுவினி இவற்றில் இரண்டு வகையாவது பரவலாகத் தெரிந்தால் ஒரு வாரம் பொறுங்கள். எதுவுமே இல்லை, கூட்டமும் கூடுகிறது என்றால், அசுவினி ஏறிய பாத்திகளுக்கு மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு. வயல் முழுக்க அடித்தால் வரவிருக்கும் எதிரிகளுக்கு இரையே இருக்காது.

கரும்புக்குத் தனிப் பதில். 2002-இல் மகாராஷ்டிராவின் சாங்லிப் பக்கம் கம்பளி அசுவினி வெடித்துக் கிளம்பி, கர்நாடகம் வழியாகத் தமிழ்நாட்டுக்கும் வந்தபோது, ஆள் உயரத்துக்குமேல் அடர்ந்த கரும்புக்குள் புகுந்து மருந்து அடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அதை அடக்கியது டைபா அபிடிவோரா என்ற அந்துப்பூச்சியின் புழுவும், மைக்ரோமஸ் என்ற பழுப்பு இறக்கைப் பூச்சியும், அசாமிலிருந்து கொண்டுவந்து பரப்பிய என்கார்சியா குளவியும்தான். எனவே கரும்பில் கம்பளி அசுவினி கண்டால் பொறிவண்டையோ கிரைசோபெர்லாவையோ தேடிப் போகாதீர்கள். பக்கத்துத் தோட்டங்களில் அசுவினி குறைந்துவரும் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கம்பளிக்கு நடுவே நூலாம்படை கட்டிய புழுவோ கூட்டுப்புழுவோ இருந்தால், அந்த இலைத் துண்டை வெட்டி எடுத்துவந்து உங்கள் வயலில் அசுவினி உள்ள இலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.